குடைக்கம்பிக்குக் கீழே தங்கம்

நான் ஒரு தங்க, வெள்ளிச் சுரங்கம் நடத்தியிருக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பதற்கு முன்னால் அதன் அகலத்தையும் நானே சொல்லிவிடுவேன். ஒன்றரை அடி. முத்தியால்பேட்டையில் நகைப் பட்டறைகள் இருந்த ஒரு சந்தின் இடப்பக்கச் சாக்கடைதான் என் சுரங்கம். வலப்பக்கச் சாக்கடையில் வெறும் சாக்கடைதான் ஓடியது.

சுரங்கம் நடத்த எனக்கிருந்த தகுதி, ஜியாலஜி பி.எஸ்ஸி.யில் இரண்டாம் வருஷம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கல்லைப் பார்த்துப் பெயர் சொல்லும் பரீட்சையில் மேசை நிறைய வைத்திருந்த கற்களில் ஒன்றுக்குத்தான் சரியான பெயர் சொன்னேன். அது நிலக்கரி. கல்லூரியை விட்டு வந்தபோது ஒரு சுத்தியலும் கொஞ்சம் சொற்களும் மிஞ்சின. சுத்தியல் தேங்காய் உடைக்க உதவியது. சொற்கள் எதற்கும் உதவவில்லை. அப்பா யார் யாரையோ பிடித்து நூல் மில்லில் என்னைச் சேர்த்துவிட்டார். அமாவாசையில் பிறந்தவன் என்று எனக்கு அம்மாவாசை என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்ட மேஸ்திரி நைட் ஷிப்டைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

ராத்திரி வேலை, பகலில் தூக்கம். நாலு வருஷம் இப்படி இருந்தால் மனிதன் ஒரு மாதிரி ஆகிவிடுவான். ஆனேன். யாரிடமும் பேசப் பிடிக்காது. யார் பேசினாலும் பிடிக்காது. இந்த நிலைமையில்தான் நோணாங்குப்பத்திலிருந்து கன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் குடித்தனம் ஒரே அறை. நான் பகலில் படுத்தால் அவள் வாசலில் உட்கார வேண்டியதுதான். இரண்டு வருஷம் பொறுத்தாள். எழுபத்தொன்பதில், ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில், தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள்.

"மாமா, கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து நான் கிசுகிசுன்னுதான் பேசறேன். அம்மியில அரைச்சா நீ எழுந்துக்கற. பாத்திரம் கழுவுனா எழுந்துக்கற. பக்கத்து வூட்டுக்காரி கேக்குறா, உங்க வூட்ல எதனா சாவான்னு."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"ராத்திரியில தூங்கற மாதிரி ஒரு வேல பாரு. அன்னிக்கி வந்து கூப்பிடு."

இதையும் கிசுகிசு என்றுதான் சொன்னாள். வழக்கம் விடவில்லை. நான் பாயில் படுத்தபடியே தலையாட்டினேன். பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. தூக்கம்.

ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அறை மிகவும் அமைதியாக இருந்ததால் தூக்கம் வரவில்லை. அவள் தம்பி பாவாடை அதே மில்லில் பகல் ஷிப்ட். நான் வெளியே வரும்போது அவன் உள்ளே போவான். கேட் அருகில் தினமும் ஒரே பேச்சு.

"அக்கா எப்பிடி கீது?"

"அம்மியில அரைக்குது மாமா. சும்மா சும்மா அரைக்குது. சட்னி தின்னு தின்னு வாய் வெந்துபோச்சி."

பகல் வேலை தேடினேன் என்று சொல்ல ஆசைதான். தேடவில்லை. மேஸ்திரியிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். "அம்மாவாசைக்கு வெயில் ஆகாதுப்பா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

மில்லிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சந்து. காலையில் நான் திரும்பும்போதெல்லாம் வீராயி என்ற பெண் சாக்கடையோரம் குந்தியிருப்பாள். பட்டறைகளுக்கு எதிரே சாக்கடை மண்ணை வழித்து இரும்புச் சட்டியில் சேர்ப்பாள். பிறகு பள்ளமான ஒரு மரத்தட்டில் அதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றி அலசுவாள். மண் போகும், கடைசியில் கொஞ்சம் கறுப்பு மணல் தங்கும். அதில் பட்டறையிலிருந்து கழுவி ஊற்றிய அரத்தூள் இருக்கும். மண் அரிப்பது அவள் குடும்பத் தொழில். நான் ஆறு வருஷமாக அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவள் செய்வதுதான் என் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த அத்தியாயம் நடந்தபோதும் தூங்கியிருப்பேன்.

கார்த்திகையில் ஒரு நாள் நகராட்சி ஆட்கள் டேப் பிடித்து சாக்கடையை அளந்தார்கள். சுவரில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டார்கள். பொங்கல் கழிந்ததும் சிமெண்டு சாக்கடை கட்டப் போகிறார்களாம். பழசைத் தோண்டி வாரிவிடுவார்களாம். வீராயி சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அக்கா, வேல நடக்கலியா?"

"எத்தினியோ வருசத்து மண்ணுப்பா. லாரியில அள்ளிக்கினு போயிடுவானாம். எங்க அம்மா எனக்குச் சீரு குடுத்த பாகம் இது."

"சாக்கடையையா?"

"பின்ன? அந்தக் கம்பத்துலேர்ந்து சொல்தா வூட்டுக் கல்லு வரைக்கும் என்து. அதுக்கு அந்தாண்ட என் தங்கச்சிது. ஊருல எவளும் தாண்ட மாட்டா."

சொல்தா வீடு என்பது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவரின் வீடு. அதன் முன்னால் சாக்கடை வளைந்து ஒரு கல்பாலத்துக்கு அடியில் நுழையும். அந்த வளைவைப் பார்த்தேன். தண்ணீர் வேகமாக வந்து, வளைவில் தயங்கி, பாலத்துக்கு அடியில் படுத்துவிடுகிறது. ஓடும் தண்ணீர் எங்கே தயங்குகிறதோ அங்கே கனமான பொருள் இறங்கும். தங்கத்தைவிடக் கனமானது அந்தச் சாக்கடையில் எதுவும் கிடையாது. ஆறு வருஷம் கழித்து எனக்கு ஜியாலஜி புரிந்தது. பகலில் செய்யக்கூடிய வேலை. சொந்தச் சுரங்கம். நான் நோணாங்குப்பத்துக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மாளோடு பஸ்ஸிலிருந்து இறங்குவதுவரை மனசில் ஓடிவிட்டது.

வீராயியோடு ஒப்பந்தம் பேசினேன். பாகம் அவளுடையது, அறிவு என்னுடையது. அறிவு என்று நான் சொன்னபோது அவள் என் காலைப் பார்த்தாள். செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது.

"பங்கு எப்பிடி?"

"வெள்ளி பூரா நீ எடுத்துக்க அக்கா. தங்கம் மட்டும் எனக்குப் போதும்."

ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். கடைசியில் சரி என்றாள். ஒன்றும் தெரியாத பெண்ணை ஏமாற்றுகிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. வெள்ளியைத் தர்மம் செய்த மாதிரி வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாளிலிருந்து மில் விட்டதும் நேராகச் சுரங்கம். முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சந்து முழுக்க நடந்து, அங்கங்கே மண் மாதிரி எடுத்து, சிகரெட் அட்டைகளில் மடித்து, எந்த வீட்டு முன்னால் எடுத்தது என்று எழுதிவைத்தேன். வீராயி அரித்துக் கொடுத்தாள். கணக்குப்படியே வந்தது. கம்பத்தருகே கொஞ்சம் மஞ்சள் தூள், நடுவில் அதைவிடக் கொஞ்சம், கல்பாலத்து வளைவில் விரல் நுனி நிறைய. அதை எடுத்துக்கொண்டு சுப்பிரமணிய ஆசாரியின் பட்டறைக்கு ஓடினேன். சாக்கடையைத் தாண்டினால் பட்டறை.

ஆசாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"எங்க எடுத்தது தம்பி?"

"சுரங்கத்துல."

"எந்த ஊரு சுரங்கம்?"

"உங்க வாசல்ல."

அவர் தூளில் ஒரு சொட்டு திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்துப் பொங்கியது. ஒரு நிமிஷத்தில் என் தங்கம் முழுக்கப் பச்சைத் தண்ணீராகிவிட்டது.

"செம்பு, பித்தள. கவரிங்கு அரத்தூளுப்பா. இந்தச் சந்துல இப்ப தங்கம் தட்டறவன் யாரு? நான் ஒருத்தன், அதுவும் கல்யாண மாசம் வந்தா. மத்தவன்லாம் கவரிங்கு வளையலு, கவரிங்கு செயினு."

"வளைவுலதான் நெறைய இருந்துச்சி" என்றேன்.

"இருக்கட்டும். வளைவு நல்ல வளைவு."

என் கோட்பாடு சரியாக இருந்தது. உலோகம்தான் தப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு விடை சரியாக வந்திருக்கிறது, அதற்கும் மார்க் இல்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். தூக்கமில்லாத மூளை விடாது. மேலே கிடைப்பது இப்போதைய சரக்கு என்றால், கீழே பழைய சரக்கு இருக்க வேண்டும். அடுக்கடுக்காகத்தான் படியும், அடியில் இருப்பது மூத்தது. இது நிலக்கரிக்கு அடுத்தபடி எனக்கு நினைவிருந்த பாடம். கல்பாலத்தருகே சாக்கடைத் தண்ணீரை மண்ணால் அணை போட்டு மறித்து, உட்கார்ந்து ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் சீவினேன். மேலே சாம்பல் சேறு, பால் கவர்கள், மாத்திரை அட்டை. அதற்குக் கீழே மஞ்சள் கலந்த மண், கவரிங் அடுக்கு. அதற்கும் கீழே துருப்பிடித்து இறுகிப்போன ஒரு அடுக்கு. சுத்தியலால் அடித்தால்தான் பெயர்ந்தது. உள்ளே மெல்லிசான இரும்புக் கம்பிகள். ஒன்றை உடைத்து எடுத்தேன். குடைக்கம்பி. இன்னொன்று. அதுவும் குடைக்கம்பி. ஒரு கைப்பிடிகூடக் கிடைத்தது.

வீராயிக்கும் தெரியவில்லை. "பாற வந்துடுச்சின்னு எங்க அம்மா இதோட நிறுத்திக்கும். நானும் நிறுத்திக்குவேன்."

கம்பிகளை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை வாங்கி வெகு நேரம் உருட்டிப் பார்த்தார்.

"இது நான் போட்டது."

"குடையா?"

"அறுபத்து மூணுல சட்டம் வந்துச்சே. பதினாலு காரட்டுக்கு மேல நக செய்யக் கூடாதுன்னு. எவன் வருவான்? பட்டறையெல்லாம் படுத்துடுச்சி. நான் கொட ரிப்பேர் பண்ண உக்காந்தேன். நான் உக்காந்ததப் பாத்து எதுத்த பட்டறைக்காரனும் கொட. சந்து பூரா கொட. அந்த வருசம் மழயும் இல்ல, தெரியுமா."

சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப கம்பிக்குக் கீழ இருக்கறது?"

ஆசாரி கம்பியைக் கீழே வைத்தார். "அதுக்கு முந்தினது" என்றார். "அப்ப இந்தச் சந்துல பகல் ராத்திரின்னு பாக்காம தங்கம் தட்டினோம்."

வெளியே வந்து சொன்னேன். வீராயி கவிழ்த்த சட்டியிலிருந்து எழுந்தாள். தங்கைக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். அதுதான் அவள் என்னை நம்பிய முதல் அடையாளம்.

சுரங்க வேலை மும்முரமாக நடந்தது. துரு அடுக்கைச் சுத்தியலால் உடைப்பேன், வீராயி வாரிப் போடுவாள். சந்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார்கள். "ஜியாலஜி, பெட்ரோல் வந்தா சொல்லு, டப்பா எடுத்தாறேன்" என்றார் சொல்தா. சைக்கிளில் போன ஒருவன், கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பைத்தியத்துக்கும் பார்க்கிறார்கள், பஸ் நிற்கிற இடத்தில்தான் வாசல், என்று நிதானமாக வழி சொல்லிவிட்டுப் போனான். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சுரங்க முதலாளிகள் பதில் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பேச வாயைத் திறக்க முடியாத நாற்றம்.

பகல் முழுக்கச் சுரங்கம், ராத்திரி முழுக்க மில். ஒரு நாள் மில்லில் பஞ்சுப் பொதிமேல் சாய்ந்தேன், அவ்வளவுதான். எழுப்பியபோது என் வரிசையில் இருந்த நூலெல்லாம் அறுந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி என் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தார். அவருக்குத் தூங்கினதைவிட நாற்றம்தான் கோபம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

காலையில் கேட் அருகில் பாவாடையிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப நைட் ஷிப்ட் கிடையாது. அக்கா கேட்டது ஆயிடுச்சி. வா மாமா, கூப்பிடலாம்."

"நைட் ஷிப்ட் போச்சின்னா பகல் வேல வந்துடுச்சின்னு அர்த்தமாடா? வெறுங்கையோட போயி இன்னான்னு சொல்லி கூப்பிடறது?"

"சுரங்க மொதலாளின்னு சொல்லு."

அவன் கிண்டலாகத்தான் சொன்னான். நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் தங்கத்தோடுதான் நோணாங்குப்பம் போவது என்று முடிவு செய்தேன். இனி அவளைக் கூப்பிட எனக்கு வேறு வழியும் இல்லை.

துரு அடுக்கு முடிந்து, மெல்லிசாக, கறுப்பாக ஒரு மண் வந்தது. தோசை கனம்தான் இருக்கும். அதற்குக் கீழே செங்கல். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சாக்கடைத் தளம். அந்தச் செங்கல்மேல்தான் எல்லாம் இருக்கும் என்று என் பாடம் சொன்னது. கெட்டியான தளத்தில்தான் கனமான உலோகம் போய் உட்காரும். கல்பாலத்துக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்துபோய் அந்தக் கறுப்பு மண்ணைத் துடைத்து எடுத்தேன். பாலத்துக்கு அடியிலாவது தளம் பள்ளமாக இருக்கும், இன்னும் ஓர் அடி கனத்துக்கு எங்கள் தாத்தா காலத்துத் தங்கம் படிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கேயும் செங்கல்தான் வந்தது. சுத்தமான செங்கல். கழுவிவிட்ட மாதிரி. ஒரு செங்கல்லையும் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் கடல் மணல்.

அந்தத் தோசை கனம் மண்ணை மட்டும் வீராயி இரண்டு நாள் அரித்தாள். பாதரசம் விட்டுப் பிசைந்து, துணியில் வைத்துப் பிழிந்து, மிஞ்சியதை ஆசாரியிடம் கொடுத்தோம். ஆசாரி மூசையில் வைத்து உருக்கி, திராவகத்தில் போட்டு, தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தார். வெள்ளி ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் திரண்டது. தங்கம் ஒரு பொட்டு. பொட்டு என்றால் நெற்றியில் வைக்கும் பொட்டு அல்ல. பேனாவால் வைக்கும் புள்ளி.

வீராயி வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வெள்ளி பூரா எனக்குன்னு நீதானே சொன்ன" என்றாள், நான் ஒன்றும் கேட்காதபோதே.

"நான்தான் சொன்னேன்."

"அப்பறம் மூஞ்சிய ஏன் அப்பிடி வச்சிக்கினு கீற?"

ஆசாரி ஊதுகுழலைத் துடைத்தபடி சொன்னார்: "வெள்ளக்காரன் போனதுக்கும் அந்தச் சட்டம் வந்ததுக்கும் நடுவுல சேந்த மண்ணு இவ்வளவுதான் இருக்கும்."

"அதுக்கு முன்னாடி தட்டினதெல்லாம்?"

"அப்ப ஏது மண்ணு? விடிஞ்சா கொம்மூன் ஆளுங்க, அதான் பிரெஞ்சுக்காரன் முனிசிபாலிட்டி ஆளுங்க, வந்துடுவானுங்க. செங்கல்லு தெரியறவரைக்கும் தொடப்பத்தால வழிச்சி அள்ளுவான். ஒரு நா வுட மாட்டான். மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பிடுவான்."

"எங்க?"

"தெக்க. ஆத்துக்கு அந்தாண்ட தென்னந்தோப்புக்காரங்க எருவுக்கு வாங்கிப்பாங்க. நாங்க பல்லு வெளக்கினே நின்னு பாப்போம். எங்க எவனுக்கும் தோணல."

வீராயி அவரைப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கும் தோன்றவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு வேறொன்று தோன்றிவிட்டது. கல்யாணத்தன்று என் மாமியார் அஞ்சலாட்சி இலையில் தேங்காய்ச் சோறு வைத்தபடி சொன்னது: "எங்க தோப்புக் காயி தனி ருசி மாப்ள. எங்க மாமனாரு காலத்துல டவுன் எரு வாங்கிப் போட்ட மண்ணு."

அந்த வாரமே நோணாங்குப்பம் போனேன். பாவாடைக்கு வார லீவு, அவனும் வந்தான். கையில் சுத்தியல், வீராயி இரவல் கொடுத்த விரிசல் விட்ட மரத்தட்டு, சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த பொட்டு. மாமியார் வாசலில் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். முதலில் தட்டைத்தான் பார்த்தாள்.

"இன்னா மாப்ள, வேல போச்சின்னு பாவாட சொன்னான். அதுக்குள்ள திருவோடா?"

"மண்ணு அரிக்கிற தட்டும்மா" என்றான் பாவாடை.

"அது திருவோட்ட வுட மோசமாச்சே."

கன்னியம்மாள் தோப்பில் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சுத்தியலைப் பார்த்தாள். இளைக்கவில்லை. சட்னி ஒத்துக்கொண்டிருந்தது.

"மண்ண பாக்க வந்தியா, என்ன பாக்க வந்தியா?"

"மண்ண" என்று சொல்லிவிட்டேன்.

பாவாடை தலையில் அடித்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போனான். கன்னியம்மாள் முடைவதை நிறுத்தவில்லை.

"பொய் சொல்லுவியோன்னு பாத்தேன். மம்முட்டி அங்க சாஞ்சி கீது. இந்த வரிசையில எல்லா மரத்துக்கும் பாத்தி எடுக்கணும். எடுத்துக்கினே பாத்துக்க உன் மண்ண."

மரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டே போனேன். முதல் மரத்தடியிலேயே உடைந்த மூசைத் துண்டு ஒன்று வந்தது, உள்பக்கம் கண்ணாடி மாதிரி பச்சையாக. அப்புறம் வளையல் சில்லு, கரி, இன்னொரு மூசை. குடைக்கம்பி ஒன்றுகூட இல்லை. அதாவது எல்லாம் சட்டத்துக்கு முந்தியது. வண்டி வண்டியாகப் போன என் சுரங்கம் என் மாமியாரின் தோப்பில்தான் இருந்தது. ஒரு தட்டு மண்ணை எடுத்துப்போய் ஆற்றங்கரையில் அரித்தேன். அலசி அலசிக் கடைசியில் கறுப்பு மணலில் ஒன்று மின்னியதா, வெயில் பட்டதா என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு தட்டு. மின்னியது மாதிரிதான் இருந்தது. கன்னியம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

"தோப்ப பூரா வேரோட பேத்து ஆத்துல கழுவினா உனக்கு ஒரு மூக்குத்தி தேறும்."

"கழுவாத."

மறுபடியும் மண்வெட்டியை எடுத்தேன். பொழுது சாயும்போது மூன்று மரம்தான் முடிந்திருந்தது. கை கொப்பளித்திருந்தது. அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, கொண்டுவந்ததைக் கொடுத்துவிடலாம் என்று காகிதத்தை எடுத்தேன்.

"இது இன்னா?"

"சுரங்கத்துல வந்தது. எல்லாச் செலவும் போக."

காகிதத்தைப் பிரித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். "எங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லின் மூச்சே அதை ஊதிவிடப் போதுமாயிருந்தது. பொட்டு இல்லை.

நான் முட்டி போட்டேன். பாத்தியில் மண்ணைத் தொடாமல், முகத்தைத் தரையோடு வைத்துத் தேடினேன். என் காலை நகர்த்தக்கூடப் பயந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவளும் புடவையைச் செருகிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மரத்தைச் சுற்றி எதிரெதிராக ஊர்ந்து வந்தோம். ஒரு இடத்தில் தலை முட்டிக்கொண்டோம். மாமியார் வாசலிலிருந்து கத்தினாள்.

"இன்னாடி தொலச்சீங்க?"

"இவரு சுரங்கத்த" என்றாள் கன்னியம்மாள்.

கண் தெரியாமல் போகும்வரை தேடினோம். பிறகு சோறு தின்றேன். பாயில் சாய்ந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மிச் சத்தம்தான். கண்ணைத் திறந்தால் காலை வெயில். கன்னியம்மாள் அரைத்துக்கொண்டே ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் என்று கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ராத்திரி பூரா தூங்கின நீ" என்றாள் என்னைப் பார்த்து, அதே குரலில். "கொறட்ட வேற."

"அப்ப வர்றியா?"

"வேல?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாவாடை சொன்னான். சாக்கடைக்கு சிமெண்டு போடும் கண்டிராக்டர் ஆள் தேடுகிறாராம். பகல் வேலை. நாற்றம் பழகின ஆளாக இருந்தால் நல்லதாம். "அந்த ஒரு தகுதி மாமாவுக்குக் கீது."

கன்னியம்மாள் என் கொப்பளித்த கையைப் பார்த்தாள். "மிச்ச மரத்த முடிச்சிட்டுப் போலாம்" என்றாள். அம்மியைக் கழுவிவிட்டாள்.

பொங்கல் கழிந்து, என் சுரங்கத்தின்மேல் நானே சிமெண்டு பூசினேன். வீராயி கவிழ்த்த சட்டிமேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். அவளுக்கு இப்போது வருத்தமில்லை. "நல்லா வழவழன்னு போடு தம்பி, வழிக்க சுலுவா இருக்கும்" என்றாள். காலில் புதுக் கொலுசு. சுப்பிரமணிய ஆசாரி பல் விளக்கியபடி நின்று பார்த்தார்.

கல்பால வளைவில் மட்டும் கரணையால் அழுத்தி, சிமெண்டில் அகலமாக ஒரு பள்ளம் விட்டேன். தண்ணீர் தயங்க ஓர் இடம். வரப்போகிற கல்யாண மாசங்களில் ஆசாரியின் அரத்தூள் அதில் தங்கட்டும் என்று வீராயியிடம் விளக்கினேன். கண்டிராக்டர் பார்க்கவில்லை. ஜியாலஜியை வைத்து நான் செய்த ஒரே காரியம் அது.

அதில் தங்கம் தங்கியதா என்று வீராயி சொல்லவில்லை. தண்ணீர் தங்கியது. கொசு வந்தது. எங்கள் அறை அடுத்த சந்தில்தான். இப்போது நான் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி பாயில் படுக்கிறேன். பக்கத்தில் கன்னியம்மாள் கொசு அடித்துக்கொண்டே, முழுக் குரலில், இந்தச் சாக்கடையைக் கட்டினவன் எவன் என்று கேட்கிறாள். தூங்குகிற மாதிரி கிடக்கிறேன்.